பகல் முழுக்க வேட்டை: பையில் என்ன, தின்ன என்ன?

முறைப்படி உரிமம் எடுத்து, குளிர்காலத்தில் முதல் தடவையாக ஒரு நாள் மான் வேட்டைக்குப் போகிறீர்கள். விடியும் முன் நடந்துபோய் ஓரிடத்தில் உட்கார்ந்து, இருட்டும் நேரத்தில் திரும்பப் போகிறீர்கள். யாரோ கொடுத்த நீளமான சாமான் பட்டியலைக் காட்டி, இதில் எது தேவை, எது வீண், இடையில் தின்ன என்ன எடுத்துப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. பத்து மணி நேரம் சத்தமில்லாமல், அசையாமல் எப்படி உட்கார்ந்திருப்பது என்பது ஒன்று. நினைத்த நேரத்துக்குத் திரும்ப முடியாமல் போனால் என்ன செய்வது என்பது இன்னொன்று. பட்டியலில் உள்ள ஒரு சாமான் இந்த இரண்டில் ஒன்றுக்காவது உதவினால் பைக்குள் வையுங்கள். உதவாவிட்டால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும். ஒன்றை மட்டும் என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது: மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படுவதற்கான ஆரஞ்சு உடை எவ்வளவு போட வேண்டும், எந்தத் தோட்டாவுக்கு அனுமதி, சுட்ட மானில் அடையாள அட்டை எப்போது கட்ட வேண்டும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் உரிமத்தோடு வந்த விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் எதிரி குளிர் என்று நினைப்பீர்கள். உண்மையில் வியர்வைதான். எல்லாச் சட்டையையும் ஜாக்கெட்டையும் காரை விட்டு இறங்கும்போதே மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் மேடேறினால் உள்சட்டை நனைந்துவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்தும் என்பதால், உட்கார்ந்து இருபது நிமிடத்தில் நடுக்கம் வரும். பத்து மணிக்கே வீட்டுக்குக் கிளம்பும் புது ஆட்களில் பலர் இப்படித்தான் கிளம்புகிறார்கள். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். தடித்த ஜாக்கெட்டும் தொப்பியும் பையில் இருக்கட்டும், கழுத்து ஜிப் திறந்திருக்கட்டும், வழக்கமான வேகத்தில் பாதி வேகம் போதும். இடத்துக்கு வந்ததும் ஐந்து நிமிடம் மூச்சை ஆறவிட்டு, உள்சட்டை ஈரமென்றால் அதைக் கழற்றி உலர்ந்த இன்னொன்றைப் போட்டு, அதற்குமேல் கனமானவற்றைப் போடுங்கள். ஆகவே பட்டியலில் இல்லாவிட்டாலும் சேர்க்க வேண்டிய முதல் சாமான் மாற்று உள்சட்டை.

துணியைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம், பருத்தி வேண்டாம் என்பது. அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர், நடுவில் ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். கம்பளி ஈரமானாலும் ஓரளவு கதகதப்புத் தரும், நாற்றமும் குறைவு. பாலியெஸ்டர் சீக்கிரம் உலரும், ஆனால் ஒரே நாளில் நாறும். இறகு அடைத்த ஜாக்கெட் உலர்ந்த குளிருக்கு அருமையானது. ஈரப் பனியோ மழையோ என்றால் இறகு நனைந்து கட்டியாகிவிடும், அங்கே செயற்கைப் பஞ்சு அடைத்ததே நல்லது. வெளி ஜாக்கெட் வாங்கும்போது கடையிலேயே கையை மடக்கி, துணியோடு துணியை உரசிப் பாருங்கள். சரசரவென்று சத்தம் வந்தால் மழை நாளில் மட்டும் போட வைத்துக்கொள்ளலாம், உட்கார்ந்திருக்கும்போது மேலே போட உதவாது. வெல்க்ரோ பட்டையும் இப்படித்தான். காட்டில் அதைப் பிரிக்கும் சத்தம் மானுக்கு உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

காலில் குளிர் ஏறுவதற்குப் பல நேரம் காரணம் பூட்ஸ் மெல்லியதாக இருப்பது அல்ல, இறுக்கமாக இருப்பதுதான். இரண்டு சாக்ஸ் போட்டுப் பூட்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துவிடும். தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்று போட்டு, உள்ளே விரல்களை ஆட்ட இடம் இருக்கும் பூட்ஸ் எடுங்கள். புதுப் பூட்ஸை அன்றைக்கே முதலில் மாட்டாமல் இரண்டு வாரம் முன்பே நடந்து பழக்குங்கள். உட்கார்ந்ததும் உலர்ந்த சாக்ஸுக்கு மாறுவது உள்சட்டை மாற்றுவதற்கு நிகரான பலன் தரும். கைக்குத் தடித்த கையுறையைவிட, உள்ளே மெல்லிய கையுறையும் இரண்டு கையையும் நுழைத்துக்கொள்ள இடுப்பில் கட்டும் கைப்பொதியும் நல்லது. விசையைத் தொடும் விரலுக்கு உணர்வு இருக்க வேண்டும். இரும்புத்தூள் சூட்டுப் பொட்டலங்கள் காற்றில் உள்ள ஆக்ஸிஜனால் வேலை செய்பவை. இறுக்கமான பூட்ஸுக்குள் கைக்கான பொட்டலத்தைத் திணித்தால் அணைந்துவிடும், காலுக்கென்றே செய்தது வேண்டும். வெறுந்தோலில் வைக்காதீர்கள், சுட்டுவிடும். இவை எல்லாவற்றையும்விட மலிவானதும் பலன் மிகுந்ததும் ஒரு துண்டு நுரை இருக்கை. இரண்டு செண்டிமீட்டர் தடிமன் உள்ள, தண்ணீர் உறிஞ்சாத வகை. ஈரத் தரையும் பாறையும் உட்கார்ந்த இடத்தின் வழியே வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நாலு சட்டை போட்டாலும் அதை ஈடுகட்ட முடியாது.

நிறம், வாசனை இரண்டிலும்தான் கடைகள் அதிகம் விற்கின்றன, உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. மான் சிவப்பை நம்மைப்போல் பார்ப்பதில்லை என்பது உறுதி. வெண்வால் மானின் கண்ணை 1990களில் அளந்து பார்த்தபோது நிறத்தை உணரும் கூம்பு செல்கள் இரண்டு வகையே இருந்தன. ஒன்று 450–460 நானோமீட்டர் நீலத்திலும் இன்னொன்று 537 நானோமீட்டர் பச்சையிலும் உச்சம் கொள்பவை. அதனால் பாதுகாப்புக்குப் போடும் பளீர் ஆரஞ்சு, மானுக்கு மங்கிய நிறமாகவே தெரியும். சட்டம் கேட்காத இடத்திலும் தயங்காமல் போடுங்கள், மற்ற வேட்டைக்காரருக்கு நீங்கள் மனிதர் என்று தெரிவது முக்கியம். நீல ஜீன்ஸ்தான் மானுக்கு எடுப்பாகத் தெரியும். வெண்மை கூட்டும் சோப்புத்தூளில் துவைத்த துணி புற ஊதா ஒளியில் மினுங்குவதும் உண்மை. அதனால் வேட்டை கெடுகிறதா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. வாசனையில்லாத சாதாரண சோப்பு போட்டால் அந்த விவாதமே வேண்டாம். வாசனையை உறிஞ்சும் விலையுயர்ந்த உடைகள், மனித வாசனையை மறைக்கப் பூசும் தைலங்கள் பற்றி என் கருத்து: மனித வாசனையைக் குறைக்கலாம், அழிக்க முடியாது. அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு, வாசனையில்லாத பவுடர் அடைத்த ஒரு சிறிய அமுக்குப் புட்டி வாங்குங்கள். ஊதிப் பார்த்தால் காற்று எங்கே போகிறதென்று தெரியும். வெயில் ஏறும்போது சரிவில் காற்று மேல்நோக்கிப் போகும், மாலையில் குளிர்ந்து கீழே இறங்கும். காலையில் சரியாக இருந்த இடம் மாலையில் தவறாகிவிடும். மணிக்கொரு தடவை ஊதிப் பாருங்கள்.

பை 25 முதல் 35 லிட்டர் போதும். அதற்குமேல் பெரிதானால் நிரப்பத் தோன்றும். துப்பாக்கி நீங்கலாக, தண்ணீரோடு சேர்த்து ஏழு எட்டு கிலோவைத் தாண்டாமல் பாருங்கள். வாங்கும் வரிசையைவிட அடுக்கும் வரிசை முக்கியம்: உட்கார்ந்ததும் வேண்டிய ஜாக்கெட், இருக்கை, தின்பண்டம் மேலே, மான் கிடைத்தால் மட்டும் வேண்டிய கயிறு, இறைச்சிப் பை, ரப்பர் கையுறை அடியில், விளக்கும் முதலுதவியும் இருட்டிலும் கைபட்டதும் எடுக்கக்கூடிய தனிப் பையில். பையைக் குலுக்கிப் பாருங்கள், ஒன்றோடொன்று முட்டும் உலோகத்துக்கு நடுவே சாக்ஸைச் செருகுங்கள். பைனாகுலர் கட்டாயம். 8×42 அல்லது 10×42 (எட்டு அல்லது பத்து மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மில்லிமீட்டர்), மார்போடு கட்டும் பட்டையில். புதரில் அசைவது என்னவென்று துப்பாக்கியின் ஸ்கோப்பில் பார்ப்பது, இன்னதென்று தெரியாத ஒன்றை நோக்கித் துப்பாக்கி நீட்டுவது. அது மனிதராகவும் இருக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கான சாமான்கள் சிறியவை, ஆனால் ஒன்றையும் விடக்கூடாது. தலைவிளக்கு இரண்டு. ஒன்று கெட்டால் இருட்டில் பேட்டரி மாற்ற இன்னொன்று வேண்டுமே. அல்கலைன் பேட்டரி உறைகுளிரில் திறனை வெகுவாக இழக்கும், லித்தியம் தாக்குப்பிடிக்கும். போனை விமானப் பயன்முறையில் போட்டுச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். அதை மட்டும் நம்பாமல் தாள் வரைபடமும் காம்பஸும் எடுங்கள். காம்பஸைப் பார்க்கும்போது துப்பாக்கியைத் தள்ளி வைக்காவிட்டால் அதன் இரும்பு முள்ளை இழுக்கும். லைட்டரில் உள்ள பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகிலேயே ஆவியாக மறுக்கும் என்பதால் அதுவும் உள்பையில்தான், கூடவே நீர் புகாத டப்பாவில் தீக்குச்சியும். வாசலின் தடவிய பஞ்சு உருண்டைகள் நாலைந்து இருந்தால் ஈர விறகையும் பற்றவைக்கலாம், ஒவ்வொன்றும் சில நிமிடம் எரியும். விசில் ஒன்று: மூன்று ஊதல், இடைவெளி, மறுபடி மூன்று. குரல் அரை மணியில் கட்டிவிடும், விசில் கட்டாது. இவற்றுக்கெல்லாம் மேலானது, எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் ஆளைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுப்பது.

முதலுதவியில் கொப்புளத்துக்கான ஒட்டு நாடா, வலி மாத்திரை எல்லாரும் வைப்பார்கள். வேட்டையில் உண்மையான ஆபத்து தோட்டா, கத்தி, உயரத்திலிருந்து விழுதல். அதனால் திருகுகுச்சி உள்ள இறுக்குப்பட்டை ஒன்றும் காயத்துக்குள் அடைக்கும் துணிச்சுருள் ஒன்றும் வேண்டும். கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு ஐந்து முதல் எட்டு செண்டிமீட்டர் மேலே, மூட்டின்மேல் இல்லாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை திருகி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, மருத்துவமனை வரை தளர்த்தாதீர்கள். வீட்டிலேயே ஒரு கையால் கட்டிப் பழகுங்கள். மரத்தில் கட்டிய பரணில் உட்காருவதென்றால் முழு உடல் பட்டையைத் தரையிலிருந்தே மாட்டி, ஏறும்போதும் கயிற்றோடு இணைந்தே இருங்கள். பெரும்பாலும் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறாமல், தோட்டா இல்லாமல் கயிற்றில் கட்டி மேலே இழுங்கள். காதுக்கும் கவசம் வேண்டும். துப்பாக்கி வெடி 140 டெசிபெலைத் தாண்டும், ஒரே வெடி நிரந்தரமாகக் காதைக் கெடுக்கலாம். மெல்லிய சத்தத்தைக் கூட்டி, வெடிச் சத்தத்தை அடக்கும் மின்னணுக் கவசங்கள் வேட்டைக்குப் பொருத்தமானவை. குழல் முனையில் சேறோ பனியோ அடைத்திருந்தால் சுடும்போது குழல் வெடிக்கலாம். தடுக்கி விழுந்தால் முதலில் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலைப் பாருங்கள்.

உண்ணி, கொசு உள்ள இடமென்றால் 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் துணியில் மட்டும் முந்தின நாளே தெளித்து முழுக்க உலரவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது பூனைகளுக்கு அது விஷம். தோலில் தடவும் பூச்சிவிரட்டிகளில் டீட் நல்லதுதான், ஆனால் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பைனாகுலர் உறை, துப்பாக்கிக் கட்டையின் பூச்சு, கண்ணாடி எல்லாம் பாழாகும். பிகாரிடின் என்ற இன்னொரு பூச்சிவிரட்டி அப்படிச் செய்யாது.

இனி தின்பண்டம். மூன்று அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கையால், சத்தமில்லாமல், உறைந்து கல்லாகாமல் தின்ன முடிய வேண்டும். ஊட்டம் அதற்குப் பிறகுதான், ஏனென்றால் தின்ன முடியாத பண்டத்தில் எவ்வளவு கலோரி இருந்தும் பயனில்லை. சராசரி உடல்வாகு உள்ளவருக்குக் குளிரும் நடையும் சேர்ந்த நாளில் 2,500 முதல் 3,500 கலோரி வரை செலவாகும். காலை உணவும் இரவு உணவும் போக, பையில் 1,400 கலோரி அளவுக்கு இருந்தால் போதும். எண்ணெய்ச் சத்து உள்ள பருப்பு வகைகள் (வேர்க்கடலை, பாதாம், முந்திரி கலந்து) 100 கிராம், ஏறக்குறைய 600 கலோரி. உலர்பழம் 100 கிராம், 300. சாக்லேட் 50 கிராம், 270. கெட்டியான சீஸ் 60 கிராம், 240. எல்லாம் சேர்ந்து முந்நூற்றுச் சொச்சம் கிராம்தான். அதோடு ஒரு ரொட்டிச் சுருள் இருந்தால் மதியத்துக்கு வயிறு நிறைந்த உணர்வு வரும். உலர்ந்த இறைச்சி மெல்ல நன்றாக இருக்கும், புரதமும் உண்டு, ஆனால் உப்பு அதிகம். அதை மட்டும் தின்றால் தண்ணீர் முழுவதும் நண்பகலுக்குள் காலி.

கொழுப்பா சர்க்கரையா என்று கேட்பவர்களுக்கு: இரண்டும், வெவ்வேறு நேரத்தில். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஓட்ஸ், முட்டை போல் மெதுவாகச் செரிக்கும் உணவு. பிறகு ஒன்றரை இரண்டு மணிக்கொரு முறை ஒரு கைப்பிடி பருப்பும் சீஸும். ஒரேயடியாக வயிறு முட்டத் தின்றால் தூக்கம் வரும், பரணில் தூக்கம் ஆபத்து. நடுக்கம் தொடங்கினால் அப்போது சர்க்கரை: நடுங்கும் தசை மாவுச்சத்தை வேகமாகச் செலவழிக்கும், இரண்டு பேரீச்சையோ ஒரு துண்டு சாக்லேட்டோ சீக்கிரம் கைகொடுக்கும். பேச்சுக் குழறுவது, விரலால் ஜிப் மாட்ட முடியாமல் போவது, தடுமாறுவது எல்லாம் தின்பண்டத்தால் சரியாகும் கட்டத்தைத் தாண்டிய அறிகுறிகள். அப்போது வேட்டை முடிந்தது. உலர்ந்த துணி, தீ, துணைக்கு ஆள்.

சத்தத்துக்கு மருந்து முந்தின இரவில் இருக்கிறது. கடைப் பொட்டலங்கள் எல்லாவற்றையும் பிரித்து மென்மையான ஜிப் பைகளிலோ துணிப் பைகளிலோ மாற்றுங்கள். சாக்லேட்டை வாய்க்கு அளவான துண்டுகளாக உடையுங்கள், மிட்டாயின் தாளை வீட்டிலேயே உரியுங்கள், ஆப்பிள் என்றால் நறுக்கி எடுங்கள். சிப்ஸ் வேண்டவே வேண்டாம். வேளைக்கு ஒரு பையாகப் பிரித்துவைத்து, அடுத்த வேளைக்கானதை மட்டும் சட்டைப் பையில் வையுங்கள். உடம்புச் சூட்டில் இருப்பதால் எனர்ஜி பார் பல் உடைக்கும் கட்டியாகாது, பெரிய பையைத் திறக்கும் சத்தமும் இல்லை. தொண்டை கமறும் ஆளென்றால் இருமல் மிட்டாய் நாலைந்து. உணவின் வாசனை மானை விரட்டுமா? உங்கள் உடம்பு வாசனையே காற்றோடு போய்ச் சேர்ந்தபின் வேர்க்கடலை வாசனையால் புதிதாக என்ன கெடப்போகிறது என்பதுதான் என் நிலைப்பாடு. ஆரஞ்சுத் தோல் உரிப்பதை, பொரித்த இறைச்சி கொண்டுபோவதைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள், அதில் நஷ்டமில்லை. வயிற்று விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். பழக்கமில்லாத பண்டத்தை அன்று சோதிக்காதீர்கள். உலர்ந்த பிளம்ஸும் சர்பிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாயும் பேதியாக்கும். சமைத்த இறைச்சியும் சோறும் வெதுவெதுப்பான நாளில் இரண்டு மணி நேரத்துக்குமேல் பையில் இருந்தால் நம்பாதீர்கள். அன்றைய உணவில் சேராத 500 கலோரி பொட்டலம் ஒன்றை ஒட்டி மூடி அடியில் வையுங்கள், இரவு வெளியே தங்க நேர்ந்தால் மட்டும் திறக்க.

தண்ணீர் இரண்டு முதல் மூன்று லிட்டர். குளிரில் தாகம் தெரியாது, அதனால் மணிக்கொரு தடவை நாலு மிடறு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலிருந்து உறையும், பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் வாய்ப்பகுதி அடைக்காது. குழாய் வைத்த தண்ணீர்ப் பை உறைகுளிரில் முதலில் அடைத்துக்கொள்வது அந்தக் குழாயில்தான். தெர்மாஸ் பிளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு சூப்போ தேநீரோ ஊற்றினால் சூடு கூடுதல் நேரம் நிற்கும். மதியம் இரண்டு மணிக்கு ஒரு குவளை சூடான சூப், கடைசி இரண்டு மணி நேரம் உட்கார வைக்கும். மான் நடமாட்டம் கூடும் நேரமும் அதுதான். வழக்கமாகக் காபி குடிப்பவருக்கு ஒரு குவளை காபியால் உடம்பு வறளாது, சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும், அவ்வளவே. மதுவை முற்றிலும் விடுங்கள். துப்பாக்கி ஒரு காரணம், தோலுக்கு ரத்தத்தை அனுப்பி உள்வெப்பத்தை வெளியே விடுவது இன்னொன்று. ஓடைத் தண்ணீரைக் குடிக்க நேர்ந்தால் ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்க வேண்டும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். குளோரின் மாத்திரைக்கு அரை மணி நேரம் ஆகும், அப்போதும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒட்டுண்ணி சாகாது.

மான் கிடைத்தால் வேண்டியவை: எட்டு முதல் பத்து செண்டிமீட்டர் அலகுள்ள மடங்காத கத்தி, தீட்ட ஒரு சிறு கல், இரண்டு ஜோடி ரப்பர் கையுறை, ஐந்தாறு மீட்டர் கயிறு, காற்றோட்டமுள்ள பருத்தித் துணிப் பைகள். பிளாஸ்டிக் பையில் சூடான இறைச்சியைப் போட்டால் வெப்பம் உள்ளேயே நின்று கெட ஆரம்பிக்கும். குடலை எடுத்து, உள்ளே காற்றுப் படும்படி திறந்துவைத்து, சீக்கிரம் 4 டிகிரிக்குக் கீழே கொண்டுபோவதுதான் நோக்கம். தொடை எலும்பை ஒட்டிய சதையே கடைசியாகக் குளிரும், முதலில் புளிப்பதும் அதுவே. முடிந்தால் தொடையைத் தனியே பிரித்துவிடுங்கள். மானையோ கொம்பையோ முதுகில் சுமக்கும்போது அதன்மேல் ஆரஞ்சுத் துணி கட்டாமல் ஓரடி எடுத்துவைக்காதீர்கள். மிச்சமிருக்கும் பருப்பைக் கைவிட்டு எடுக்கும் முன் கையைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், குறைந்தது ஈரத் தாளால் நன்றாகத் துடையுங்கள்; ரத்தமும் கொழுப்பும் ஒட்டிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. வீடு சேர்ந்ததும் குளிர்ந்த துப்பாக்கியை நேரே சூடான அறைக்குள் உறையிலிருந்து உருவாதீர்கள், உலோகத்திலும் லென்ஸிலும் நீர் கோத்துக்கொள்ளும். காலி செய்திருக்கிறதா என்று வெளியிலேயே பார்த்துவிட்டு, உறையோடு சில மணி நேரம் விட்டு, பிறகு துடைத்து எண்ணெய் போடுங்கள்.